பதக்கத்தில் பெயர் இல்லாத ஆசான்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவிலே வெற்றி பெற்ற பிள்ளையின் பெயர் வாசிக்கப்படும்போது சபையிலே கைதட்டல் எழுகின்றது. பதக்கம் பிள்ளையின் கழுத்திலே விழுகின்றது. கிண்ணத்திலே பள்ளியின் பெயர் பொறிக்கப்படுகின்றது. அந்தப் பிள்ளையை நாள்தோறும் விடியற்காலையில் மைதானத்துக்கு அழைத்து, ஓடவைத்து, ஓட்டத்தை அளந்து, தவற்றைத் திருத்திய ஆசிரியரின் பெயரோ கிண்ணத்திலும் இல்லை, பதக்கத்திலும் இல்லை. அத்தகைய ஓர் ஆசிரியரின் வாழ்வைப் பற்றியே இன்று சில சொற் கூற விரும்புகின்றோம்.

தேரோட்டம் பார்க்காதவர் இச்சபையில் இருக்கமாட்டார். வடம் பிடிப்போரை எல்லோரும் காண்கின்றனர். தேர்மேல் எழுந்தருளிய மூர்த்தியை எல்லோரும் கைகூப்புகின்றனர். சில்லின் அருகே குனிந்த தலையோடு கட்டையும் கையுமாய் ஓடிக்கொண்டிருப்பவரை யார் பார்க்கின்றார்? பேச்சு வழக்கிலே ‘முட்டுக்கட்டை’ என்றால் தடை என்று பொருள் கொள்ளுகின்றோம். தேர்வீதியிலே அந்தக் கட்டைதான் தேரைத் திருப்புகின்றது. பள்ளத்தில் ஓடாமல் நிறுத்துகின்றது. வடம் பிடித்தோரின் உயிரைக் காக்கின்றது. விளையாட்டுப் பயிற்றுநரின் வேலையும் அத்தகையதே.

எமது மட்டக்களப்பு இத்தகையோரை அறியாத மண் அன்று. அமெரிக்க நாட்டு லூசியானாவிலே பிறந்து, 1948 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, புனித மைக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பயிற்றிய இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளாரை இங்குள்ள மூத்தோர் பலர் நினைவில் வைத்திருப்பர். 1990 ஓகஸ்ட் 15 ஆம் நாள், ஊரெல்லாம் கலங்கிக் கிடந்த வேளையிலே, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற் போனார். அவரது சமயம் வேறு, எமது சமயம் வேறு. ஆயினும் எமது பிள்ளைகளுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவருக்கு நன்றி சொல்வதிலே சமய வேறுபாடு ஏது?

அவர் துறவி. வீடு வாசல், மனைவி மக்கள் என்ற கடமைகள் அவருக்கு இல்லை. ‘அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்தத் தொண்டு இயலும், பெண்சாதி பிள்ளைகளோடு உழலும் எமக்கு இயலுமா?’ என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். இதற்கு விடையாக இல்லறத்தார் ஒருவரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கின்றோம். அவர் வாழ்ந்த இடம் கடலுக்கு அப்பால், கேரள நாட்டிலே, எமது கரையைப் போலவே தென்னையும் மணலும் மீனவர் குடிலும் நிறைந்த வடமலபார்க் கரை. அவர் பெயர் ஒ. மா. நம்பியார். ஓட்டக்காரி பி. டி. உஷாவின் ஆசான் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும்.

நம்பியார் 1932 ஆம் ஆண்டு பிறந்தவர். வடகரைக்கு அருகிலுள்ள மணியூர் என்ற கிராமம் அவரது இருப்பிடம். இளமையில் நல்ல மெய்வல்லுநராய் விளங்கினார். இந்திய வான்படையிலே சேர்ந்து, படைப்பிரிவுகளுக்கிடையிலான போட்டிகளிலும் தேசியப் போட்டிகளிலும் ஓடினார். தாய்நாட்டின் சின்னத்தை மார்பில் அணிந்து வெளிநாட்டிலே ஓடவேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்திருக்கும். அந்த வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1970 இல் சார்ஜன்ற் பதவியோடு படையிலிருந்து ஓய்வு பெற்றார்.

தமக்குக் கிட்டாத ஒன்றை எண்ணி மனங்கசந்து வீட்டிலே சாய்வுநாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ பட்டியாலா நகரிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்திலே பயிற்றுநர் பட்டயம் பெற்றவர். ஓடத் தெரிந்தவர் எல்லோரும் ஓடப் பயிற்றத் தெரிந்தவர் ஆகார் என்பதை உணர்ந்து, கற்பிக்கும் முறையை முறையாகக் கற்றார். பின்னர் கேரள விளையாட்டு மன்றத்திலே பணியில் அமர்ந்தார்.

1976 இல் கேரள அரசு கண்ணூரிலே பெண்பிள்ளைகளுக்கென ஒரு விளையாட்டுப் பிரிவை ஆரம்பித்தது. பிள்ளைகள் விடுதியிலே தங்கிப் பள்ளியிலே படித்துக்கொண்டு காலையும் மாலையும் பயிற்சி பெறுவர். அதற்கென நாற்பது பிள்ளைகள் தெரிவு செய்யப்பட்டனர். பயிற்றுநர் நம்பியார். அந்த நாற்பதின்மரில் ஒருத்தி, பய்யோளிக் கிராமத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி உஷா. செல்வக் குடும்பத்துப் பிள்ளை அல்லள், நோய் நொடியோடு வளர்ந்தவள், மெலிந்த உடம்பு. ‘இந்தப் பிள்ளையா ஓடப்போகிறது?’ என்று பிறர் நினைத்திருக்கக் கூடும். நம்பியார் கவனித்தது இரண்டு. ஒன்று அந்த மெல்லிய உடல்வாகு. மற்றது அவள் நடக்கும் விரைவு. ஓட்டத்தைக் கண்டு ஓட்டக்காரியை அறிதல் எளிது. நடையைக் கண்டு அறிந்தமைதான் ஆசிரியனின் கண்.

அந்தக் கண் பொய்க்கவில்லை. 1978 இல் கொல்லம் நகரில் நடந்த இளையோர் போட்டியிலே உஷா ஆறு பதக்கங்கள் பெற்றாள். 100 மீற்றர், 200 மீற்றர், 60 மீற்றர் தடைதாண்டி ஓட்டம், உயரம் பாய்தல் ஆகிய நான்கிலும் தங்கம், நீளம் பாய்தலில் வெள்ளி, அஞ்சலோட்டத்தில் வெண்கலம். இந்தப் பட்டியலை இளைஞர்கள் சற்று உற்று நோக்க வேண்டும். ஓடும் பிள்ளையை ஆசான் உயரம் பாயவும் விட்டார், நீளம் பாயவும் விட்டார், தடை தாண்டவும் விட்டார். பிள்ளைப் பருவத்திலே உடம்பு எல்லாவற்றையும் பழக வேண்டும். ஒன்றிலே முறுக்கிப் பிழிந்துவிடலாகாது. தடை தாண்டிய அந்தச் சிறுவயதுப் பழக்கம் ஆறு ஆண்டுகளின் பின் எவ்வளவு பெரிய பயனைத் தந்தது என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

அக்காலத்திலே கேரளத்து ஓட்டக்காரருக்குக் கிடைத்தது மண்தடம். மாரியிலே சேறு, கோடையிலே புழுதி. வெளிநாடுகளிற் போன்ற செயற்கைத் தடம் அங்கு இல்லை. இருந்தது கடற்கரை. நம்பியார் அந்தக் கடற்கரையைப் பள்ளிக்கூடமாக்கினார். மணலிலே ஓடும்போது கால் புதைகின்றது. ஒவ்வோர் அடியையும் பிடுங்கி எடுக்கவேண்டும். அதனால் கெண்டைக்கால் தசை வலுக்கின்றது. மணல் மெத்தென்றிருப்பதால் மூட்டுக்கு அதிர்ச்சியும் குறைவு. முழங்காலளவு நீரிலே ஓடினால் நீர் காலை இழுக்கின்றது. முழங்காலை உயர்த்தி ஓடும் பழக்கம் தானே வந்துவிடுகின்றது. பணம் கொடுத்து வாங்கவேண்டிய கருவிகள் இல்லாத இடத்திலே, ஆண்டவன் அளித்த மணலும் அலையும் கருவிகளாயின. முகத்துவாரத்துக் கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்திலே வாழும் நாம் இதைக் கேட்டுச் சற்று வெட்கப்படவும் வேண்டும். ஊக்கங் கொள்ளவும் வேண்டும்.

1980 இல், பதினாறு வயதிலே, உஷா மொஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடினாள். வெற்றி இல்லை. 1982 இல் டில்லி ஆசிய விளையாட்டிலே 100 மீற்றரிலும் 200 மீற்றரிலும் வெள்ளிப் பதக்கங்கள். 1983 இல் குவைத்தில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 400 மீற்றரிலே தங்கம். இங்கேதான் ஆசான் ஒரு முக்கியமான முடிவை எடுத்தார். பெண்களுக்கான 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டம் 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலே முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. வேகமும் தாங்கும் வலுவும் தடை தாண்டும் பழக்கமும் மூன்றும் ஒருங்கே வேண்டிய போட்டி அது. தம் மாணவியிடம் மூன்றும் உண்டு என்று கணித்து, அவளை அந்தப் போட்டிக்கு மாற்றினார்.

அந்த ஓட்டத்தின் தன்மையை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகின்றோம். தடைகள் பத்து. ஒவ்வொன்றும் 76.2 சென்ரிமீற்றர் உயரம். ஏறத்தாழ இரண்டரை அடி. முதல் தடை 45 மீற்றர் தூரத்தில்; பின்னர் 35 மீற்றருக்கு ஒன்று; கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 40 மீற்றர். தடைகளுக்கிடையே இத்தனை அடி என்று எண்ணி வைத்து ஓடவேண்டும். களைப்பினால் ஓரடி கூடினாலும் தாண்டும் கால் மாறிவிடும், வேகம் குலைந்துவிடும். ஓடுகிறவர் எண்ணிக்கொண்டு ஓட முடியாது. எண்ணிக்கை காலிலே ஊறியிருக்க வேண்டும். அவ்வாறு ஊறும்வரை தடத்தின் ஓரத்திலே நின்று எண்ணுகின்றவர் ஆசான்.

அந்த ஒலிம்பிக்கின் அரையிறுதியிலே உஷா 55.54 செக்கனில் முதலாவதாக வந்தாள். இறுதிப் போட்டி 1984 ஓகஸ்ட் 8 ஆம் நாள். மொரோக்கோ நாட்டு நவால் எல் முத்தவக்கில் தங்கம் பெற்றார். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் வெள்ளி பெற்றார். மூன்றாம் இடத்துக்கு ருமேனியாவின் கொஜோக்காருவும் உஷாவும் ஒன்றாய் வந்து விழுந்தனர். நிழற்படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். கொஜோக்காரு 55.41, உஷா 55.42.

நூறில் ஒரு செக்கன்! அவள் ஓடிய வேகத்துக்கு அது ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றர். உங்கள் கைவிரலை நீட்டிப் பாருங்கள், அவ்வளவுதான் தூரம். அங்கே அவளுக்குப் பழகிய உணவு கிடைக்கவில்லை. கஞ்சியும் ஊறுகாயும் உண்டு ஓடியதாகவும், கடைசி முப்பத்தைந்து மீற்றரிலே உடல் தளர்ந்ததாகவும் பிற்காலத்தில் உஷாவே கூறியிருக்கின்றார்.

ஆசானுக்கு அந்த விரலளவு தூரம் வாழ்நாள் முழுவதும் கடக்க முடியாத தூரமாயிற்று. முடிவை அறிந்தபோது தாம் அழுததாகவும், நினைக்கும்போதெல்லாம் கண்ணீர் வருவதாகவும் தமது முதுமையிலே அவர் சொன்னார். வான்படையிலே தமக்குக் கிட்டாததை மாணவியின் கால்களால் எட்டிவிடலாம் என்று நம்பிய மனிதர். அந்த நம்பிக்கை விரலளவிலே தவறியது. மாணவியின் தோல்வியை அவர் தமது தோல்வியாகவே சுமந்தார்.

ஆனால் அன்பர்களே, அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் செய்ததைப் பாருங்கள். தோற்ற பிள்ளையை அவர் கைவிடவில்லை. பிள்ளையும் ஆசானை மாற்றவில்லை. இருவரும் ஊருக்குத் திரும்பிப் பழைய மண்ணிலே மறுபடி ஓடத் தொடங்கினர். மறு ஆண்டு, 1985 இல், ஜகார்த்தா ஆசிய மெய்வல்லுநர் போட்டியிலே உஷா ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் பெற்றார். 1986 இல் சியோல் ஆசிய விளையாட்டிலே நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். லொஸ் ஏஞ்சல்ஸில் தோற்ற அந்த 55.42 செக்கன் முப்பத்தொன்பது ஆண்டுகள் இந்தியாவின் தேசிய சாதனையாக நின்றது. 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலே கோயம்புத்தூர்த் தமிழ்ப் பெண் வித்யா ராம்ராஜ் அதே 55.42 இலே ஓடிச் சமன் செய்தார். தோல்வி என்று ஆசான் அழுத ஓட்டத்தை எட்டிப்பிடிக்க ஒரு தலைமுறைக்கு மேல் சென்றது.

இனி இல்லறத்துக்கு வருவோம். நம்பியார் மனைவியும் மக்களும் உடையவர். பயிற்றுநர் ஒருவரின் வீடு எப்படி நடக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விடியுமுன்னே அவர் வெளியேறவேண்டும். அதற்குமுன் அடுப்பிலே தேநீர் கொதிக்க வேண்டும். மாலையிலே மற்ற வீட்டு ஆண்கள் திரும்பும் நேரத்திலே அவர் மைதானத்துக்குப் போகின்றார். போட்டிக் காலத்தில் வாரக் கணக்கிலே வீட்டில் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், உறவினர் வீட்டிலே நன்மை தீமை வந்தாலும், வீட்டம்மா தனியே சமாளிக்கவேண்டும். ஊரார் பிள்ளைக்கு அவர் செலவிடும் ஒவ்வொரு நாழிகையும் தம் பிள்ளைக்குரிய நாழிகையிலிருந்து எடுத்ததே. ஆகவே பயிற்றுநரின் தொண்டு என்று நாம் சொல்வது உண்மையிலே ஒரு குடும்பத்தின் தொண்டு. அவர் கொடுத்தது உழைப்பு. அவர் வீட்டார் கொடுத்தது அவரையே.

மறுபுறத்திலும் ஒரு வீடு இருந்தது. கிராமத்திலே, பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையை விடுதிக்கு அனுப்பி, காற்சட்டையோடு பலர் முன்னிலையில் ஓடவிட்ட பெற்றோர். அவர்கள் எதை நம்பி அனுப்பினர்? ஆசானின் ஒழுக்கத்தை நம்பியே அனுப்பினர். தமது வீட்டை ஒழுங்காக நடத்துகின்ற ஒருவரிடத்திலேதான் பிறர் தம் பெண்ணை ஒப்படைப்பர். இவ்விடத்திலே நல்ல இல்லறத்தாராய் இருப்பதும் நல்ல பயிற்றுநராய் இருப்பதும் ஒன்றாகிவிடுகின்றன. வள்ளுவப் பெருந்தகை துறவறத்தை உயர்வாகப் பேசினார். ஆயினும் அதற்கு முன்னே இல்லறத்தை வைத்தார். அந்த வரிசையின் பொருள் இத்தகைய வாழ்வுகளிலே நன்கு துலங்குகின்றது.

1985 இல் இந்திய அரசு பயிற்றுநருக்கென ஒரு விருதை ஏற்படுத்தி அதற்குத் துரோணாசாரியர் பெயரை இட்டது. அவ்விருதை முதன்முதலிற் பெற்றோரில் நம்பியாரும் ஒருவர். துரோணர் பெயரைக் கேட்டவுடன் பாரதம் படித்த எமக்கு ஏகலைவன் நினைவு வருகின்றது. அந்தத் துரோணர் குருதட்சிணையாகச் சீடனின் கட்டைவிரலைக் கேட்டார். இந்த ஆசானோ தட்சிணை ஒன்றையும் கேட்கவில்லை. தமது மாணவியின் ஒரு விரலளவுத் தோல்வியைத் தாமே ஏற்றுக்கொண்டு அழுதார்.

அதே 1985 இல் உஷாவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021 இல். மாணவிக்கும் ஆசிரியருக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள்! அவ்வாண்டு ஓகஸ்ட் 19 ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதிலே, அவர் இறைவனடி சேர்ந்தார். மாணவியோ ஆசான் விட்ட இடத்திலே தொடங்கினார். தமது பெயரால் ஓட்டப் பள்ளி ஒன்றை நிறுவி, கிராமத்துப் பெண்பிள்ளைகளை அங்கே தங்கவைத்துப் பயிற்றத் தொடங்கினார். 2022 இல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவருமானார். நம்பியார் நட்ட மரம் தானும் விதை தூவியது.

எமது நாட்டுக்கும் இது பொருந்தும். 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டிலே உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் தங்கத்தை ஈட்டியவர் தமிழரான நா. எதிர்வீரசிங்கம். அவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் படித்தவர். அவர் பாய்ந்த உயரத்தைப் பேசுகின்ற நாம், பள்ளிக்கூடத்துக் களத்திலே குறுக்குத்தடியை ஒவ்வோர் அங்குலமாக உயர்த்தி வைத்த கைகளைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகவே இச்சபையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

பெரியோர்களுக்கு: உங்கள் பிள்ளை மைதானத்துக்குப் போவதைப் படிப்புக்குக் கேடு என்று தடுக்காதீர்கள். பெண்பிள்ளையானாலும் தடுக்காதீர்கள். ‘ஊர் என்ன சொல்லும்?’ என்று பய்யோளியிலே அந்தத் தந்தையும் தாயும் அஞ்சியிருந்தால் உஷா என்ற பெயரை உலகம் அறிந்திராது. அமிர்தகழியிலும் விரைந்து நடக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் காணும் கண் வேண்டும்.

இளைஞர்களுக்கு: நீங்கள் ஓடி முடித்த பின்னர் மைதானத்தை விட்டுப் போய்விடாதீர்கள். எல்லோருக்கும் பதக்கம் கிட்டாது. கிட்டாதவர்களுக்கு நம்பியாரின் வழி திறந்திருக்கின்றது. விளையாட்டை முறையாகக் கற்று, பட்டயம் பெற்று, எமது பள்ளிகளிலே பத்துப் பிள்ளைகளுக்காயினும் நாள் தவறாமல் பயிற்சி கொடுங்கள். உங்களுக்குத் திருமணமாகும், பிள்ளைகள் பிறப்பர், அதன் பின்னரும் போங்கள். வீட்டாரையும் அந்தப் பணியிலே பங்காளிகளாக்குங்கள். அவர்களுக்குரிய நேரத்தை முற்றாகக் கவர்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்றத்துக்கு: அடுத்த ஆண்டு விழாவிலே, மாமாங்கேஸ்வரப் பெருமான் திருவருளால், எமது பள்ளிகளிலே பயிற்சி அளித்த ஆசிரியர் ஒருவரை மேடைக்கு அழையுங்கள். அவர் முதுமை எய்தி நோயிற் கிடக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பொன்னாடை ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்றை அவருக்குப் போர்த்துங்கள். மற்றதை, அவர் விடியலிலே புறப்படுவதற்கு முன் எழுந்து தேநீர் வைத்த அவரது மனைவியாருக்குப் போர்த்துங்கள். அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர், ‘இந்தப் பணியை நாமும் செய்யலாமே’ என்று மனத்துள் நினைப்பாராயின், இந்த விழா பயன் பெற்றதாகும்.